ஒரு லட்ச ரூபாய்க் கருவியும் நம் ஒரு மணி நேரத்தின் விலையும்

நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமை வழக்குகள், கல்வி உதவித்தொகை பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். கருவிகளைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் யார் கையில் எந்தக் கருவி இருக்கலாம் என்று தீர்மானித்துத்தான் சாதி அன்றாடம் வேலை செய்தது. ஒருவர் கைக்கு உளி, ஒருவர் கைக்குத் தராசு, ஒருவர் கைக்கு விளக்குமாறு. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கியது என்பதை அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விரிவாக வாதிட்டார். ஆகவே ஒரு தச்சுக் கருவியை வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வி எங்கள் ஊரில் எழுந்தபோது, அதைக் கடைக் கணக்காக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. கடைக் கணக்கைத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தூத்துக்குடி, மரம் கப்பலில் வந்து இறங்கும் ஊர். வெட்டிய மரத்தைத் தடியாகவே ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரலில் நிறுத்திய பிறகு, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தேக்குத் தடிகள் வருகின்றன. அதில் ஒரு பகுதி லாரியேறிச் செங்கோட்டை மர ஆலைகளுக்குப் போகிறது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளைக் கட்டிய ஓடாவிகளின் ஊரும் இதுதான். நான் வேலை செய்யும் குடியிருப்பில், இந்த மரத்தை ஏற்றி இறக்கிய தோள்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அதை அறுத்து, இழைத்து, நாற்காலியாக்கிய கைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் நகரத்தின் விளிம்பில் ஒரு தகரக் கொட்டகையில் மரப்பட்டறை நடத்துகிறார்கள். மூன்று பேர் ஐடிஐயில் தச்சுப் பிரிவு படித்தவர்கள். ஒருவர் மாடுலர் கிச்சன் செய்யும் இடத்தில் உதவியாளராக இருந்து கற்றவர். ஐந்தாமவர் ஒப்பந்தத் துப்புரவு வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவருடைய அம்மா இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். கடன் விண்ணப்பம், திட்ட அறிக்கை எழுதுவதற்கு அவர்களுக்கு உதவுவது என் வேலைகளில் ஒன்று. ஒருநாள் யூடியூப் காணொளி ஒன்றைக் காட்டிக் கேட்டார்கள்: “அக்கா, இந்த டொமினோவ வாங்கிருவமா?”

கருவி என்ன செய்கிறது?

டொமினோ, ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் தயாரிக்கும் இயந்திரம். மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எடை, கையில் பிடித்து மரத்தின் மீது அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் வெட்டுமுனை சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அசையும். அதனால் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்வாட்டில் ஒரு குழி விழும். இணைக்க வேண்டிய இரண்டு சட்டங்களிலும் ஒரே அளவில் குழி போட்டு, கடின மரத்தில் செய்த ஒரு சிறு வில்லையைப் பசை தடவி நடுவே இறக்கினால் மூட்டு முடிந்தது. ஒரு சட்டத்தில் உளியும் கொட்டாப்புளியும் வைத்துத் துளை பொளிந்து, மற்றதன் முனையை நாக்கு போலச் செதுக்கி, உரசி உரசிப் பொருத்தும் வேலையை இது சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

இதில் டிஎஃப் 500 என்ற சிறிய வகை 4 முதல் 10 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள வில்லைகளுக்கானது. நாற்காலி, மேசை, அலமாரிக் கதவு ஆகியவற்றுக்குப் போதும். வீட்டு வாசல் நிலைக்கு இது போதாது. டிஎஃப் 700 என்ற பெரிய வகை 14 மில்லிமீட்டர் வரை போகும், விலையும் கூடும். பிளைவுட் அலமாரிக்கு ஸ்க்ரூவும் மினிஃபிக்ஸும் போதும், அங்கே டொமினோவுக்குப் பெரிய வேலை இல்லை. ஆக, கருவி நல்லதா என்று கேட்பதற்கு முன்பு, நமக்கு என்ன ஆர்டர் வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இவர்களுக்கு வருவது பாதி பிளைவுட் வேலை. மீதி நாற்காலி, பள்ளி பெஞ்சு, ஜன்னல் கதவு.

எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது. வெட்டுமுனைகள், வில்லைகள், ஒரு சாதாரண தூசி உறிஞ்சி எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம்.

800 நாற்காலிக் கணக்கு

இந்தக் கொட்டகையில் இப்போது சட்டங்களை இணைப்பது டிரில்லில் துளை போட்டு உருண்டை முளை இறக்கித்தான். அதோடு ஒப்பிட்டால் டொமினோ ஒரு மூட்டுக்கு 15 நிமிடம் மிச்சப்படுத்தும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 800 ரூபாய் கூலி, எட்டு மணி நேர வேலை. ஒரு மணி நேரம் 100 ரூபாய், கால் மணி நேரம் 25 ரூபாய். வில்லைக்குப் பத்து ரூபாய் கழித்தால் ஒரு மூட்டுக்கு மிச்சம் 15 ரூபாய். போட்ட 1,20,000 திரும்பி வர 8,000 மூட்டு வேண்டும். ஒரு நாற்காலிக்குப் பத்து மூட்டு என்றால் 800 நாற்காலி. மாதம் 20 நாற்காலிக்கு ஆர்டர் கிடைத்தால் 40 மாதம். இதில் வட்டியைச் சேர்க்கவில்லை.

இதே கணக்கை ஜெர்மனியில் போட்டுப் பாருங்கள். அங்கே 2025இல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.82 யூரோ, நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கால் மணி நேரம் ஏறத்தாழ 300 ரூபாய். இயந்திரம் அதே 1,20,000 என்று வைத்தாலும், 400 மூட்டுக்குச் சற்று மேலே போனதும், அதாவது நாற்பது நாற்காலியைச் சற்றுத் தாண்டியதும், போட்ட பணம் திரும்பிவிடும்.

இயந்திரம் ஒன்றுதான். மரமும் மூட்டும் ஒன்றுதான். அங்கே நாற்பது நாற்காலியில் கட்டுப்படியாகும் கருவி இங்கே எண்ணூறு நாற்காலி கேட்கிறது. கருவி விலை உயர்ந்தது என்று நாம் சொல்லும்போது, நம்முடைய ஒரு மணி நேரம் மலிவாக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பது அந்த ஐந்தாவது இளைஞருக்கு நன்றாகத் தெரியும். சாக்கடை அடைப்பெடுக்க இயந்திரம் உண்டு. 2013இல் வந்த சட்டம் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. ஆனாலும் ஆளை இறக்குகிறார்கள். ஆள் மலிவு, இயந்திரம் விலை அதிகம் என்பதுதான் ஒப்பந்ததாரரின் கணக்கு. எனவே எங்கள் தாளில் ‘கட்டுப்படியாகாது’ என்ற விடை வந்தபோது, அது யாருக்கு வசதியான விடை என்றும் கேட்டுக்கொண்டோம். அதே சமயம், மாதத் தவணை என்பது சாதியையோ நியாயத்தையோ பார்க்காது. ஆர்டர் இல்லாத இரண்டு மாதம் வந்தால், தவணை கட்டுவதற்காக முதலில் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டியவர் அவர்தான். அந்த ஆபத்தை மற்ற நால்வரும் உணர்ந்திருந்தார்கள்.

குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

சட்டங்களுக்கு நடுவே வில்லை வைத்து இணைப்பது டொமினோவோடு பிறந்த யோசனை இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மான் ஸ்டெய்னர் என்ற தச்சர் 1950களிலேயே ‘பிஸ்கட்’ எனப்படும் மெல்லிய நீள்வட்ட வில்லையால் பலகைகளை இணைக்கும் முறையைக் கொண்டுவந்தார். லமெல்லோ நிறுவனம் அதிலிருந்து வந்தது. பிஸ்கட் இயந்திரம் இன்று டொமினோவின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும். பலகையோடு பலகை ஒட்ட நல்லது, நாற்காலிக் கால் தாங்கும் பாரத்துக்கு அது போதாது.

ரூட்டர் என்ற கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வழிநடத்த ஒட்டுப்பலகைத் துண்டுகளில் நாமே ஒரு சட்டகம் செய்துகொண்டால், டொமினோ போடும் அதே நீள்குழியைப் போடலாம். வில்லையைப் பட்டறையில் விழும் துண்டு மரத்திலேயே இழைத்துக்கொள்ளலாம். நேரம் கூடும், ஒவ்வொரு அளவுக்கும் சட்டகத்தை மாற்ற வேண்டும். ஆனால் மூட்டின் பலத்தில் குறை வராது.

இதைச் சொன்னபோது ஐவரில் இளையவர் ஒப்புக்கொள்ளவில்லை. “ஆசாரி வீட்டுப் பையனுக்கு அஞ்சு வயசுலயே அவன் அப்பா உளியப் பிடிக்கக் குடுத்திருப்பாரு. எனக்கு யாருக்கா குடுத்தா? ஐடிஐல ஒரே வருசம். இந்த மிஷின் இருந்தா அந்தப் பத்து வருசத்த நான் ஒரே நாள்ல தாண்டிருவேன்.”

இந்த வாதம் என் 8,000 மூட்டுக் கணக்கில் இல்லை. ஆனால் வலுவான வாதம். தொழில் ரகசியம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போன ஒரு சமூகத்தில், துல்லியத்தை இயந்திரத்தின் அளவுகோலுக்குள் அடைத்து விற்பது ஒரு கதவைத் திறக்கிறது. பணம் கட்டுபவரின் தாத்தா யார் என்று இயந்திரம் கேட்பதில்லை. கையால் செய்தால் மூட்டு கோணலாகுமோ என்று பயந்து, இவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆர்டர்களும் உண்டு. கருவி மிச்சப்படுத்தும் நேரத்தை மட்டும் எண்ணாமல், அது இருந்தால் ஏற்றுக்கொண்டிருக்கக்கூடிய வேலையையும் எண்ண வேண்டும்.

இவர்களுக்குப் பழக்கமான ஒரு மூத்த ஆசாரி இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுப்பார். அவரிடம் கேட்டோம். “குழிய மிஷின் போட்டுரும்பா. எந்தப் பலகைய எந்தப் பக்கம் திருப்பி வைக்கணும்னு மிஷின் சொல்லாது” என்றார். கப்பலில் வந்த தடி உள்ளே ஈரத்தோடு இருக்கும். கடற்காற்றில் அறுத்துப் போட்டு, ஐப்பசி மழையில் நாற்காலி செய்து கொடுத்தால், சித்திரையில் சட்டம் சுருங்கி மூட்டு ஆடும். அப்போது வாடிக்கையாளர் மரத்தைக் குறை சொல்ல மாட்டார், செய்தவரைச் சொல்வார். நம் பையன்கள் விஷயத்தில் அவர்கள் சாதியையும் சேர்த்துச் சொல்வார். மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் சிறு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்தான். அதை முதலில் வாங்கச் சொன்னார் அவர்.

திட்டங்கள் யாருக்கு?

கடனுக்கு எங்கே போவது என்ற கேள்வி அடுத்தது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஒன்றிய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. தச்சு, படகு கட்டுதல் உட்பட 18 தொழில்கள். கருவி வாங்க 15,000 ரூபாய், பிணையில்லாக் கடன் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம், 5 சதவீத வட்டி. ஆனால் விண்ணப்பிப்பவர் குடும்பவழிப் பாரம்பரியத் தொழிலில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்கிறது விதிமுறை. ஆசாரி மகனுக்கு இதில் சிக்கலில்லை. துப்புரவுத் தொழிலாளியின் மகனுக்குக் குடும்பத் தொழில் எது? 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டம் பலருக்கு நினைவு வந்ததில் வியப்பில்லை.

தமிழ்நாடு அரசு இதில் மாற்றங்கள் கேட்டது. ஒன்றிய அரசு ஏற்காததால், இந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த முடியாது என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் கடிதம் எழுதினார். மாற்றாகக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 25 தொழில்கள், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை, 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். நல்லது. ஆனால் குறைந்தபட்ச வயது 35. படிக்கும் வயதில் இருப்பவர்கள் படிப்பை விட்டுக் குலத்தொழிலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. அதன் நோக்கத்தை நான் முழுமையாக ஆதரிக்கிறேன்.

ஆனால் எங்கள் ஐவரும் முப்பது வயதுக்குள் இருப்பவர்கள். இவர்களுக்குத் தச்சு குலத்தொழில் கிடையாது. குலத்தொழிலிலிருந்து வெளியேறும் வழி. ஒரு திட்டம் ‘உன் அப்பா தச்சரா?’ என்று கேட்கிறது. இன்னொன்று ‘உனக்கு 35 ஆகிவிட்டதா?’ என்று கேட்கிறது. பெற்றோர் செய்யாத ஒரு தொழிலை ஐடிஐ முடித்துத் தாமாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த வயது வரம்பிலிருந்து விலக்கு தர வேண்டும். இதை ஒரு கோரிக்கையாகவே நாம் எடுத்துச் செல்லலாம்.

இவர்களுக்குப் பொருந்துவது 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கானது. திட்டத் தொகையில் 35 சதவீதம் அரசின் முன்முனை மானியம், 65 சதவீதம் வங்கிக் கடன், 6 சதவீத வட்டி மானியம். கையிலிருந்து பணம் போட வேண்டியதில்லை. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இதில் மானியம் கிடைத்தால் 1,20,000 என்பது 78,000 ஆகும். 8,000 மூட்டு 5,200 ஆகும். 40 மாதம் 26 மாதமாகும்.

யாருடைய பெயரில், யாருடைய கொட்டகையில்?

ஐவரில் ஒருவரின் தாத்தா கேட்டது வேறு கேள்வி. “இவ்வளவு ரூவாய்க்கு வாங்கி எங்க வைப்பீங்க?” தகரக் கொட்டகைப் பூட்டைப் பற்றித்தான் கேட்கிறார் என்று முதலில் தோன்றும். அவர் மனதில் இருந்தது கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31 அன்று இந்த மாவட்டத்தின் அந்தத் தலித் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான காவலர்கள் நுழைந்தார்கள். வெளிநாட்டில் உழைத்த பணத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர் அது. வீட்டுச் சாமான்களும் வாகனங்களும் உழவுக் கருவிகளும் அடித்து நொறுக்கப்பட்டன. நம்மவர் கையில் சேரும் பொருள் கண்ணை உறுத்தும் என்பது அந்தத் தலைமுறைக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அன்று. இதற்காக வாங்காமல் இருக்க முடியாது. ரசீது, காப்பீடு, வரிசை எண், புகைப்படம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது உரிமை. இந்தக் கடற்கரையில் கருவிக்கும் பங்கு உண்டு. வள்ளத்தில் போய் வந்தால் செலவு போக மிச்சத்தைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் தனித்தனிப் பங்கு. கருவியின் பங்கு அதன் சொந்தக்காரருக்குப் போகும். அதனால் உழைப்பு மட்டும் உள்ளவர் கடைசிவரை உழைப்பாளியாகவே இருப்பார். முத்துக்குளிப்பிலும் இதுதான். பிரிட்டிஷ் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூச்சடக்கி மூழ்கியவருக்கு. 1961க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பங்குப் பழக்கம் போகவில்லை.

அந்தப் பழக்கத்தையே நாங்கள் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொண்டோம். எந்தக் கருவி வாங்கினாலும் அதற்கு ஒரு பங்கு உண்டு, அது தனி மனிதருக்குப் போகாது. ஐவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கில் சேரும். பழுது, வெட்டுமுனை, அடுத்த கருவி எல்லாம் அதிலிருந்துதான். ஒருவர் விலகினால் அவருக்கு என்ன சேரும் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

முடிவு

டொமினோவை இப்போது வாங்கவில்லை. ரூட்டரும் ஈரப்பத மீட்டரும் வாங்கினார்கள். சட்டகத்தை அவர்களே செய்தார்கள். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மூட்டு, எவ்வளவு நேரம், எந்த ஆர்டரை எந்தக் காரணத்தால் விட்டோம் என்று எழுதுகிறார்கள். தொழில் மையத்துக்கான திட்ட அறிக்கையில் இழைப்பு இயந்திரம், மேசை ரம்பம், கடைசியாக டொமினோ. தொடர்ந்து மூன்று மாதம் மாதத்துக்கு 400 மூட்டு வந்தால் வாங்குவது என்று வரம்பு வைத்திருக்கிறோம். அந்த அளவில் மானிய விலை 13 மாதத்தில் திரும்பிவிடும்.

இளையவருக்கு இன்னும் வருத்தம்தான். “எல்லாத்துக்கும் நம்ம மட்டும்தான் கணக்குப் பாக்கணுமாக்கா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்பாவின் பட்டறையும் அப்பாவின் வாடிக்கையாளரும் இருப்பவர் ஒரு தப்பான கருவியை வாங்கினால் அது மூலையில் கிடக்கும். நாம் வாங்கினால் அது ஒருவரைப் பழைய வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கணக்குப் பார்க்கிறோம், ஆசையைக் கைவிடவில்லை என்றேன். அவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. நோட்டில் மூட்டுகளை மற்றவர்களைவிடக் கவனமாக எழுதுவது இப்போது அவர்தான்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கொட்டகை இருக்கும். தையல் இயந்திரமாக, கேமராவாக, வெல்டிங் மெஷினாக இருக்கலாம். அரசாணையைப் படிக்கும் அதே கவனத்தோடு கருவியின் விலைப்பட்டியலையும் படியுங்கள். அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்குத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள். 35 வயது வரம்பால் விடுபட்டவர்கள் உங்கள் பகுதியில் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் விலக்குக் கோரிக்கையை முன்வைக்க முடியும்.

ஜெய் பீம்.